தெரிஞ்ச பிள்ளை

சட்டத்தில் இருந்த சொல் வேறு. ‘அறிந்து பெற்ற மகவு’ என்று அச்சடித்திருந்தார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. தெருவுக்கு வந்தபோது அது ‘தெரிஞ்ச பிள்ளை’ ஆகிவிட்டது. அந்த வீட்டில் ஒரு தெரிஞ்ச பிள்ளை இருக்கிறது என்றால், பெற்றவர்களுக்கு முன்பே தெரியும், தெரிந்தும் பெற்றுக்கொண்டார்கள், ஆகவே மற்றவர்கள் பரிதாபப்பட வேண்டியதில்லை என்று அர்த்தம்.

என் மகள் பூங்கனி தெரிஞ்ச பிள்ளை.

சட்டம் வந்த புதிதில் அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கர்ப்பிணிகள் எல்லாரும் மூன்றாம் மாதத்தில் ரத்தம் கொடுக்க வேண்டும். தாயின் ரத்தத்திலேயே பிள்ளையின் துணுக்குகள் மிதக்கின்றனவாம். அதை வைத்து இயந்திரம் பிள்ளையின் குரோமோசோம்கள் முழுவதையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடும். குறை ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வரும். உண்டு என்று வந்தால் கலைப்பதற்கு அரசே ஏற்பாடு செய்யும். வேண்டாம், பெறுகிறோம் என்றால் புருஷனும் பெண்டாட்டியும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அரசின் மருத்துவக் காப்பு ஆயுள் முழுக்கக் கிடையாது.

நான் அப்போது துறைமுகச் சாலையில் ஓர் எடைமேடையில் வேலை பார்த்தேன். உப்பு லாரி வந்து ஏறி நிற்கும். எண் விழும். சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். எந்த டிரைவரும் எண்ணோடு சண்டை போட்டதில்லை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மூன்றாவது ஒரு பதிலும் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. ‘தெரியவில்லை’ என்பது அந்தப் பதில். அதைச் சட்டத்தில் ‘உண்டு’ என்பதோடுதான் சேர்த்திருந்தார்கள். தெரியவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகும் பெற்றால் அதுவும் அறிந்து பெற்றதுதான் என்று விளக்கம் சொன்னார்கள்.

என் மனைவி அன்னக்கனிக்கு வந்தது அந்த மூன்றாவது பதில். கைபேசியில் நல்ல தமிழில் வந்தது. ‘கருவில் நுண்ணிரட்டிப்பு காணப்படுகிறது. ஆலோசனைக்கு வரவும்.’

அப்போது எங்களோடு என் அக்கா ராமலட்சுமி இருந்தாள். கல்யாணமாகிச் சில வருஷங்களில் புருஷனைப் பறிகொடுத்தவள். பிள்ளை இல்லை. அன்னக்கனி குளித்துக்கொண்டிருந்தபோது அக்காதான் அந்தச் செய்தியைப் படித்தாள். இரட்டிப்பு என்பதை இரட்டை என்று எடுத்துக்கொண்டாள். நான் வேலை முடிந்து வருவதற்குள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சீனி கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

“ரெட்டைல தம்பி” என்றாள் என்னிடம். “நுண்ணுன்னா சின்னதுதான? மொதல்ல சின்னதாத்தான் இருக்கும். போகப்போக வளந்துரும்.” பிறகு அன்னக்கனியின் வயிற்றைப் பார்த்து, “ஏட்டி, ஒண்ண எனக்குத் தந்துரணும். இப்பமே சொல்லிட்டேன்” என்றாள்.

அன்னக்கனி சிரித்தாள். “எதுன்னு இப்பமே பாத்து வச்சுக்கிடுங்க மைனி. பெறவு மாத்தித் தர மாட்டேன்.”

அந்த இரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்த பயமில்லாத சந்தோஷம் அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஆலோசனை சொன்னவர் டாக்டர் ஹெப்சிபா. முடியை இறுக்கிப் பின்னியிருந்த ஒல்லியான பெண். எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்று தோன்றியது. இரட்டை இல்லை, ஒரு பிள்ளைதான் என்று முதலில் சொன்னார். அந்தப் பிள்ளையின் ஒரு குரோமோசோமில் சின்ன ஒரு துண்டு இரண்டு முறை இருக்கிறது. அதைத்தான் இரட்டிப்பு என்கிறார்கள். எனக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

“குழம்பு வைக்கிறோம். ஏதோ ஒரு சாமான் மறந்துபோய் ரெண்டு தடவை விழுந்துடுச்சு. மல்லித்தூள்னா ஒண்ணும் தெரியாது. உப்புன்னா வாயில வைக்க முடியாது. இங்க விழுந்தது உப்பா மல்லியான்னுதான் தெரியல.”

“யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

“யாருக்கும் தெரியாது. இதே இடத்துல ரெட்டிப்பு உள்ளவங்கன்னு உலகம் முழுக்கக் கணக்குல இருக்கிறது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆளுங்க. பாதிப் பேருக்கு வலிப்பு. சிலருக்குப் பேச்சு வரல. ஒரு பையன் காலேஜ்ல படிக்கிறான். இன்னொண்ணும் சொல்றேன். அந்தக் கணக்கும் முழுசு இல்ல. ஏதாவது கோளாறுன்னு வந்தவங்களைத்தான் நாங்க பார்த்திருக்கோம். இதே ரெட்டிப்போட நல்லா இருக்கிறவ எதுக்கு எங்ககிட்ட வரப்போறா?” என்றார்.

“பேச்சு வராதுங்கீங்களே டாக்டர். நானும் நாலு வயசு வரைக்கும் பேசலையாம். எங்க அம்மா நாக்குல வசம்பு தேய்ச்சே தீத்துட்டாளாம்” என்றாள் அன்னக்கனி.

“அப்புறம்?”

“பெறவு நிறுத்த முடியல.”

டாக்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அன்னக்கனியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெற்றவர்கள் இருவரின் ரத்தத்தையும் பார்க்கலாம் என்றார்.

அதில் ஒரு ஏற்பாடு இருந்தது. தாய் தகப்பன் ரத்தத்தின் முடிவை அவரவரிடம் தனியாகத்தான் சொல்வார்கள். புருஷனுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். விருப்பப்பட்டால் அதைப் பிள்ளையின் முடிவோடு சேர்க்கலாம். சேர்த்தால் பிள்ளையின் பதில் மாறக்கூடும். ஆனால் அது குடும்பப் பதிவில் ஏறிவிடும். உடன்பிறந்தவர்களுக்கெல்லாம் தகவல் போகும். பிள்ளை பிறப்பதற்கு முன்பு சேர்த்தால்தான் காப்பு. பிறந்த பிறகு சேர்த்தால் பெயர் மட்டும்தான் மாறும்.

எனக்கு ‘இல்லை’ என்று சொன்னார்கள். அடுத்து அன்னக்கனி உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். “எனக்கும் இல்லையாம். வாங்க, போவோம்” என்றாள். பஸ் ஸ்டாண்டில் பதநீர் வாங்கித் தரச் சொன்னாள். வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

அன்னக்கனிக்கு ஒரே தங்கை, பொன்செல்வி. வருகிற ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது. தகப்பன் இல்லாத வீடு. நாலைந்து இடம் தட்டிப்போய்க் கடைசியில் அமைந்த இடம். அந்த நாளில் பெண் கேட்டு வருகிறவர்கள் நகை, நட்சத்திரம் எல்லாம் பேசி முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்பார்கள். வீட்டில் தெரிஞ்சது எதுவும் உண்டா என்று. அதற்குத் தயங்கினால் வெற்றிலைத் தட்டு திரும்பிப் போய்விடும். குடும்பப் பதிவில் அப்படி ஒன்று ஏறியதால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நின்றுபோன சம்பந்தங்களை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. அக்காவுக்கு ஏமாற்றம், அவமானம், இரண்டும். சீனி வாங்கித் தின்ற வீடுகளுக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கலைத்துவிடு என்று நேராகவே சொன்னாள்.

“உப்பா மல்லியான்னு தெரியாத கொழம்ப எவளாது அடுப்புல ஏத்துவாளா?”

“எல்லாக் கொழம்பும் ஏத்தும்போது அப்படித்தான் மைனி” என்றாள் அன்னக்கனி. “இதுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிட்டாவ. அவ்வளவுதான்.”

“சொன்ன பெறவும் பெத்தேன்னா நாளைக்கு அதுக்கு ஒரு காய்ச்சல்னாலும் ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். தெரிஞ்சுதான பெத்தேம்பான்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கு முடிவெடுக்க வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. எடைமேடை வேலைக்குச் சேரலாமா, இந்த வீட்டுக்கு வாடகைக்கு வரலாமா, ஏன், அன்னக்கனியைக் கட்டலாமா என்பதற்குக்கூட முத்தாரம்மன் கோயிலில் பூக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினேன். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்தில் கட்டி அம்மன் காலடியில் போட்டு, அங்கே நிற்கிற குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். “கத்திரிக்கா வாங்கவும் எங்க வீட்ல பூக் கட்டித்தான் பாப்பாவ” என்று அன்னக்கனி அவள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இந்த முறை அவளே சொன்னாள். “பூக் கட்டிப் பாத்துருவோம். வெள்ளை வந்தா பெறுதேன். செவப்பு வந்தா மறுநாளே போயி படுத்துக்கிடுதேன். அதுக்குப் பெறவு ரெண்டு பேரும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

அக்கா ஒப்புக்கொண்டாள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்தது போல் இருந்தது. அதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் அன்னக்கனியே பூப் பறித்தாள். முற்றத்தில் நந்தியாவட்டைச் செடி நின்றது. செவ்வரளி தெருமுனை வீட்டில் இருந்தது. போய்க் கேட்டு வாங்கி வந்தாள். வாழையிலைத் துண்டில் ஒவ்வொரு பூவாக வைத்து மடித்து, நாரால் சுற்றி, இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்படி கட்டினாள். பூசாரி வாங்கிக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். யாரோ ஒரு பெண்ணோடு வந்திருந்த சின்னப் பாப்பா ஒன்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி நாரைப் பிரித்தார்.

வெள்ளை.

அன்னக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா மட்டும், “அந்த இன்னொண்ணையும் பிரிச்சிப் பாத்துருவோமே” என்றாள்.

அன்னக்கனி குனிந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். “அம்மன் வாக்குச் சொன்ன பெறவு மத்ததப் பிரிக்கக் கூடாது மைனி. அவளச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்.” பூசாரியும் அதுதான் முறை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பூவைப் போட்டாள். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். நந்தியாவட்டை இரண்டும் வாடாமல் மிதந்துகொண்டிருந்தன.

அந்த வாரமே கையெழுத்துப் போட்டோம்.

ஆவணியில் பொன்செல்வி கல்யாணம் நன்றாக நடந்தது. நிறைந்த வயிற்றோடு அன்னக்கனி பந்தி பந்தியாகப் போய் விசாரித்தாள். எங்களுக்கு வந்திருந்த பதில் அங்கே கொஞ்சம் பேருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் ரத்தத்தில் இல்லை, பிள்ளைக்குத் தானாக விழுந்தது என்று அன்னக்கனி சொல்லிவைத்திருந்தாள். அதனால் பெண் வீட்டுக்கு ஒட்டவில்லை. தங்கை கழுத்தில் தாலி ஏறியபோது அவள் அழுத அழுகையைப் பார்த்து, தாய்கூட இப்படி அழமாட்டாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

பூங்கனி பிறந்தாள். முதல் வருஷம் ஒன்றும் இல்லை. சிரித்தாள், குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள். அக்காதான் எந்நேரமும் தூக்கி வைத்திருந்தாள். “ரெட்டைல ஒண்ண எனக்குன்னேன். ஒண்ணாப் பெத்து அதையும் எனக்கே தந்துட்டா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அன்னக்கனி அந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் இருந்ததில்லை. பிள்ளையின் முகத்தைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே வைத்து, “எங்கூட்டுப் பிள்ள. அப்படியே என்னை மாதிரி” என்பாள். எல்லாத் தாயும் சொல்வதுதானே என்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் வருஷம் வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கருவி இருந்தது. பிறந்தபோதே ஒவ்வொரு பிள்ளையின் அட்டையிலும் விவரம் பதிந்திருக்கும். அட்டையைக் காட்டினால் மற்றப் பிள்ளைகளுக்கு ‘டிங்’ என்று ஒரு சத்தம். தெரிஞ்ச பிள்ளை என்றால் இரண்டு சத்தம். இரண்டு சத்தம் கேட்டால் காவலாளி எதுவும் கேட்காமல் இடது பக்கம் கை காட்டுவார். அந்தப் பக்கம் பணம் கட்டிப் பார்க்கிறவர்களுக்கு. வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுக் குழந்தையை விட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

பூங்கனிக்குப் பேச்சு வரவில்லை. வசம்பு தேய்த்துப் பார்த்தார்கள். மூன்றரை வயதில் ஒரு நாள் அடுப்படி வாசலைத் தாண்டும்போது நின்று, “டிங் டிங்” என்றாள். எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அதன் பிறகு எந்த வாசலைத் தாண்டினாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் தாண்டுவாள். வீட்டு வாசல், கோயில் வாசல், கடை வாசல். சொல்லாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அழுவாள். திரும்ப வந்து நிறுத்தி, சொல்லவிட்டுக் கூட்டிப் போக வேண்டும். அவள் பேசியது அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டிய வயதில் இறந்துபோனாள். மத்தியானம் தொடங்கிய வலிப்பு நிற்கவில்லை. எடைமேடைக்குச் செய்தி வந்து நான் ஓடினேன். வாசலில் இரண்டு சத்தம். காவலாளி கெட்டவர் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரம் என்று அவரே உள்ளே போய்க் கேட்டார். திரும்பி வந்து இடது பக்கம் கை காட்டினார். அந்தப் பக்கத்தில் மருந்து இருந்தது. போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு கட்டிடங்களுக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட பாதையில், அன்னக்கனியின் மடியில் கை கால் அடங்கியது. அடங்கியதும் வலிப்பு நின்றுவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

வெளியே கொண்டுவரும்போதும் அட்டையைக் காட்டச் சொன்னார்கள். இரண்டு சத்தம் வந்தது. அன்னக்கனி வாசலிலேயே நின்றாள். நான் நடக்கச் சொன்னேன். அவள் குனிந்து, பிள்ளையின் காதருகில், பிள்ளைக்குப் பதிலாக, “டிங் டிங்” என்றாள். பிறகுதான் தாண்டினாள்.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், நல்லவர்கள்தான், தெரிஞ்சுதான பெத்தீங்க, மனசத் தேத்திக்கிடுங்க என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அக்கா அவர்களோடு சண்டைக்குப் போனாள். நான் எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன்: எங்களுக்கு ஒன்றும் தெரியாது, அம்மன் சொன்னாள், பெற்றோம். அன்னக்கனி யாருக்கும் பதில் சொல்லவில்லை.

நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். வெள்ளைப் பூவைக் கொடுத்து ஏமாற்றியவள் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று இருந்தேன். அன்னக்கனி வெள்ளிக்கிழமை தவறாமல் போனாள். ஒரு நாள் ஆத்திரத்தில், இவ்வளவு செய்த பிறகும் அவளைப் போய்க் கும்பிட உனக்கு எப்படி மனசு வருகிறது என்று கேட்டேன்.

“அவ என்ன செஞ்சா?” என்றாள் அன்னக்கனி. “அவளுக்கு என்ன தெரியும், பாவம்.”

பக்தி முற்றிய பேச்சு என்று நினைத்தேன்.

வருஷங்கள் போயின. எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அவள் விரும்பவில்லை. பொன்செல்வி இரண்டு பெற்றாள். இரண்டுக்கும் ‘இல்லை’ என்று வந்தது. ஒவ்வொரு முறையும் அந்தப் பதில் வரும் வரை அன்னக்கனி சோறு சரியாகச் சாப்பிட மாட்டாள். அக்கா காலமானாள். எடைமேடையில் ஆள் தேவைப்படாத இயந்திரம் வந்து நான் வேறு வேலைகளுக்குப் போனேன். சட்டம் அப்படியே இருந்தது. பொன்செல்வியின் மகள் நிறைமதி வளர்ந்து வேலைக்கும் போய்விட்டாள். போன புரட்டாசியில் அன்னக்கனி சிறுநீரகம் கெட்டுப் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து வீடு காலியான ஒரு சாயங்காலம் டாக்டர் ஹெப்சிபா வந்தார். பின்னல் நரைத்திருந்தது. கையில் ஊன்றுகோல். இத்தனை வருஷத்தில் அன்னக்கனியோடு அவருக்குப் பழக்கம் இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, அவள் படத்தையும் பூங்கனி படத்தையும் பார்த்தார்.

“ஆள் இருக்கிற வரைக்கும் சொல்லக் கூடாது. போன பிறகு புருஷனுக்குச் சொல்லலாம். சட்டம் அப்படித்தான். அந்த ரெட்டிப்பு அன்னக்கனிக்கும் இருந்தது” என்றார்.

நான் திரும்பி அன்னக்கனியின் படத்தைப் பார்த்தேன். அவரே சொன்னார்.

“அதே இடம், அதே அளவு. அவகிட்டே இருந்துதான் பிள்ளைக்குப் போச்சு. அன்னிக்கு அதைச் சேர்த்திருந்தா, பெத்தவளே நல்லா இருக்கான்னு பிள்ளையோட பதிலை ‘இல்லை’ன்னு மாத்திக் கொடுத்திருப்போம்.”

“காப்பு?”

“கிடைச்சிருக்கும். ஒரு சத்தம்தான். ஆனா தங்கச்சிக்குத் தகவல் போயிருக்கும். உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசிச்சா. நான் ஒண்ணும் சொல்லல, சொல்லவும் கூடாது. கடைசில, ‘எனக்கு ஒண்ணும் செய்யலையே டாக்டர், எம்பிள்ளைக்கு மட்டும் என்ன செஞ்சிரும்’னு கேட்டா. காப்பே தேவைப்படாதுன்னு நினைச்சா. உள்ளதைச் சொன்னா, நானும் அப்படித்தான் நினைச்சேன்.”

“ஏன் டாக்டர்? ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே. இவளுக்கு ஒண்ணும் செய்யாதது அவளுக்கு ஏன்...”

“தெரியல” என்றார். “அப்பவும் தெரியல. இன்னிக்கும் தெரியல.”

வெளியே நந்தியாவட்டைச் செடியில் அணில் ஏதோ செய்துகொண்டிருந்தது. அவர் கிளம்புவது போல் ஊன்றுகோலை எடுத்தார். பிறகு வைத்தார்.

“நான் அவகிட்டே கேட்டேன். சேர்க்கலைன்னா பதில் ‘தெரியவில்லை’ன்னேதான் இருக்கும், உன் புருஷன் கையெழுத்துப் போடணுமே, போடுவாரான்னு. அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? ‘அவுக எஞ்சொல்லக் கேக்க மாட்டாக டாக்டர், சாமி சொன்னா கேப்பாக. சாமிய நான் பாத்துக்கிடுதேன்’னா.”

கிண்ணத்தில் மிதந்த இரண்டு பூக்களும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் பார்த்ததை அன்றுதான் பார்த்தேன். ஒன்று பூசாரி பிரித்த பொட்டலத்தில் இருந்தது. மற்றது மடியில் செருகிக்கொண்டு வந்தது. செவ்வரளி கேட்டு வாங்கி வந்தாளே, அதை எங்கே போட்டாள் என்று தெரியவில்லை. தெருமுனையிலேயே எறிந்திருப்பாள். ஊரே தெரிஞ்சு பெத்தவ என்று சொன்னபோதெல்லாம் நான் இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தேன். அவள் வாயைத் திறக்காமல் நின்றாள். எங்கள் இருவரில் தெரிந்து பெற்றவள் அவள் ஒருத்திதான்.

போகும் முன் டாக்டர் ஒன்று சொன்னார். அன்னக்கனியின் முடிவு இன்னும் மூடியேதான் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் அதைப் பிள்ளையின் பதிவோடு சேர்க்கலாம். பூங்கனியின் பெயரிலிருந்து அந்தக் குறியை எடுத்துவிடுவார்கள். செத்த பிள்ளைக்கு அதனால் என்ன என்று கேட்டால் ஒன்றும் இல்லை, பெயர் மட்டும். ஆனால் பொன்செல்விக்குத் தகவல் போகும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் வழக்கமான பதில்.

தை பிறந்ததும் பொன்செல்வி போன் செய்தாள். நிறைமதிக்கு இடம் வந்திருக்கிறது, நல்ல இடம் என்று ஆரம்பித்து, அக்கா இருந்திருந்தால் என்று அழுது, கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

“மாப்பிள்ளை வீட்ல யாரோ பூங்கனியப் பத்திச் சொல்லிட்டாவ அத்தான். நிறைமதிக்கு ‘இல்லை’ன்னு இருக்கதக் காட்டுனாலும், அது அக்கா வழி வந்ததா, எங்க வீட்டு ரத்தமான்னுதான் கேக்காவ. தானா விழுந்ததுன்னு சொன்னா நம்ப மாட்டேங்காவ. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அக்கா உங்ககிட்ட எதும் சொல்லிருக்காளா?”

எதிரே இரண்டு படமும் இருந்தன. அன்னக்கனி அந்த அறையிலிருந்து வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் பதநீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில்தான் நான் இப்போது நிற்கிறேன் என்று தெரிந்தது. ஒரு பக்கம் பூங்கனி, ஒரு பக்கம் பொன்செல்வி வீடு. அவள் யாரையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“அது உங்க வழி இல்லம்மா. என் வழி” என்றேன்.

“என்னது?”

“எனக்கு இருந்தது. அன்னிக்கே சொன்னாவ. நாந்தான் வெளிய சொல்லல. எங்க அக்கா ராமலட்சுமி பிள்ளை இல்லாமலே போய்ட்டா, எனக்கும் யாரும் இல்ல. அதனால எங்க பக்கம் கேக்கவும் ஆள் இல்ல. உங்க வீட்டுல ஒண்ணும் கிடையாதுன்னு மாப்பிள்ளை வீட்ல தைரியமாச் சொல்லு. வேணும்னா எங்கிட்ட கேக்கச் சொல்லு, நானே சொல்லுதேன்.”

சந்தோஷப்படுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அவ செத்த வீட்ல கூட ஒருத்தி சொன்னா அத்தான், தெரிஞ்சு பெத்த மகராசி போய்ட்டான்னு. நீங்க பக்கத்துலதான நின்னீங்க.”

“ஆமா.”

“இத்தன வருசம் அவள எல்லாரும் பேசும்போது வாய மூடிட்டு நின்னிருக்கீங்க. அவ உங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டிருக்கா.”

ஆமாம் என்றேன். சோறு பொங்கிப் போட்டது உண்மைதானே.

“வச்சிருதேன்” என்றாள்.

பங்குனியில் பத்திரிகை வந்தது. தபாலில்தான் வந்தது. வருகையை விரும்பும் உறவினர் பெயர்களில் நிறைமதிக்குத் தகப்பன் வழியில் பெரியப்பா இருந்தார், மாமாக்கள் இருந்தார்கள். என் பெயர் இல்லை. அன்னக்கனியின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஒரு சின்னப் பூ அச்சடித்திருந்தார்கள். நன்றாக இருந்தது.

டாக்டருக்குப் போன் செய்து, கையெழுத்துப் போடவில்லை, மூடியே இருக்கட்டும் என்று சொன்னேன்.

முகூர்த்தத்தன்று காலையில் குளித்துவிட்டு, முற்றத்துச் செடியில் இரண்டு நந்தியாவட்டை பறித்தேன். நாதஸ்வரம் தொடங்கியிருக்கும் என்று தோன்றிய நேரத்தில் முத்தாரம்மன் கோயில் வரை நடந்தேன். அத்தனை வருஷத்தில் வாசலுக்கு இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். படியில் கால் வைத்தவன் தாண்டாமல் நின்றேன். பின்னால் வந்த ஒரு பெண், “உள்ள போங்க ஐயா” என்றாள்.

“டிங் டிங்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.